பம்ப் பொருத்தச் சேமிப்பு முழுவதையும் எடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. இதயம் மிகவும் பலவீனமாகிவிட்டதால் மாற்று இதயத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம். அதுவரை தாக்குப்பிடிக்க, ரத்தத்தை இறைக்க இதயத்துக்கு உதவும் எல்வேட் பம்ப் பொருத்தலாம் என்கிறார் டாக்டர். சேமிப்பு முழுவதையும் எடுத்தால் ஆபரேஷன் செலவைச் சமாளித்துவிடலாம். எடுக்கட்டுமா?

பதில்: பம்ப் தேவையா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பணத்தைப் பொறுத்தவரை என் பதில்: முழுவதையும் எடுத்துவிடாதீர்கள். நீங்கள் போட்டிருப்பது ஆபரேஷன் நாளுக்கான கணக்கு. அதற்கு அப்புறம்தான் மாதச் செலவு ஆரம்பிக்கும்.

அந்தப் பம்பிலிருந்து ஒரு வயர் வயிற்றுத் தோல் வழியாக வெளியே வந்து, கட்டுப்பாட்டுப் பெட்டியோடும் பேட்டரிகளோடும் சேரும். வயர் வெளிவரும் இடத்தில் கிருமி அண்டாமல் சுத்தம் செய்து கட்டு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை, அதன் அளவு சரியா என்று பார்க்க ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. மின்சாரம் போனால் சமாளிக்க மாற்று ஏற்பாடும் வேண்டும். ரத்தக்கசிவோ தொற்றோ வந்தால் மறுபடியும் அட்மிஷன். ஒரு குடும்பத்தின் செலவு நோட்டைப் பார்த்தேன்: ஆபரேஷனுக்கு ஒரே வரி, கட்டுத்துணி, பிளாஸ்டர், டாக்ஸி என்று அதன் பின் 6 பக்கம். கூடவே இருந்து பார்த்துக்கொள்ள மனைவி வேலையை விட்டதால் நின்றுபோன சம்பளம் அந்த நோட்டில் எங்குமே இல்லை. என்னை உறுத்தியது அதுதான்.

மாற்று இதயம் எப்போது கிடைக்கும் என்று நாள் குறிக்க முடியாது. மொமென்டம் 3 என்ற மருத்துவ ஆய்வில், ஹார்ட்மேட் 3 என்ற எல்வேட் பம்ப் பொருத்தியவர்களில் சுமார் 58 சதவீதம் பேர் 5 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். மனதுக்குத் தெம்பு தரும் செய்தி இது. அதே சமயம், பட்ஜெட்டையும் மாதக் கணக்கில் இல்லாமல் ஆண்டுக் கணக்கில் போட வேண்டும். மாற்று ஆபரேஷனும் அப்புறம் அதற்கான மருந்துகளும் பாக்கி இருக்கின்றன.

அதனால் குறைந்தது 12 மாத வீட்டுச் செலவையும் பராமரிப்புச் செலவையும் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். பற்றாக்குறை வந்தால் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் உதவித் திட்டங்களைக் கேளுங்கள். வீட்டை அவசரத்தில் விற்க வேண்டாம். அவசரத்தில் விற்றால் அடிமாட்டு விலைதான்.

காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்: பம்புக்கு உச்சவரம்பு உண்டா? பேட்டரி, கட்டுப்பாட்டுப் பெட்டி மாற்றினால் பணம் தருவார்களா? பம்புக்குக் கொடுத்தபின் மாற்று ஆபரேஷனுக்குத் தொகை மிஞ்சுமா? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரும்வரை சேமிப்பில் கை வைக்காதீர்கள். டாக்டர் அவசரம் என்றால் மட்டும், ஆபரேஷனுக்குத் தேவையான தொகையை முதலில் எடுங்கள்.