லேப்டாப் கேள்வி–பதில்: பேட்டரிக்குப் பணம் கொடுக்கும் முன்

கேள்வி: சார்ஜர் செருகினால் லேப்டாப் நன்றாக ஓடுகிறது. பேட்டரி மட்டும் 7 சதவீதத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது. 'பிளக்டு இன், நாட் சார்ஜிங்' என்று வருகிறது. பழைய சார்ஜர் வயர் பிய்ந்துபோனதால் மார்த்தாண்டத்தில் வேறொன்று வாங்கினோம். இப்போது பேட்டரியையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகி, தக்கலை

பதில்: பொறுங்கள். சார்ஜர் மாற்றிய பிறகு வந்த தொல்லை என்றால் முதல் சந்தேகம் அந்தச் சார்ஜர் மேல்தான் விழ வேண்டும்.

டெல், ஹெச்பி லேப்டாப்களின் உருண்டை முனைச் சார்ஜர்களில், முனையின் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். லேப்டாப்பை ஓட்டும் மின்சாரம் அதன் வழியாக வருவதில்லை. 'நான் இன்ன வாட் சார்ஜர்' என்று லேப்டாப்புக்குச் சொல்வதுதான் அதன் வேலை. டெல்லில் அந்தச் சேதி வராவிட்டால் லேப்டாப் தான் ஓடுவதற்கு மட்டும் மின்சாரத்தை எடுத்துக்கொண்டு பேட்டரிக்கு விடாது. ஊசி வளைந்தாலும், வயருக்குள் அந்த ஒரு இழை மட்டும் அறுந்தாலும், மலிவான டூப்ளிகேட் சார்ஜர் என்றாலும் கதை இதுதான்.

டெல் என்றால், ஆன் செய்ததும் எஃப்2 பொத்தானைத் தட்டி பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள். பேட்டரி விவரம் இருக்கும் பக்கத்தில் அடாப்டர் 45 வாட், 65 வாட் என்று ஏதாவது காட்ட வேண்டும். 'அன்நோன்' என்று காட்டினால் பேட்டரி மீது பழி போட வேண்டாம். அதே மாடல் லேப்டாப் வைத்திருக்கும் யாரிடமாவது ஒரிஜினல் சார்ஜர் வாங்கி அரைமணி நேரம் போட்டுப் பாருங்கள்.

சார்ஜரின் ஸ்டிக்கரையும் படியுங்கள். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றால் பெருக்கி வருவது 65 வாட். வோல்ட் லேப்டாப்பின் அடியில் எழுதியிருப்பதோடு பொருந்த வேண்டும். ஆம்பியர் கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது. மல்டிமீட்டர் இருந்தால் டி.சி. 200 வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையை வெளி உருளையிலும் சிவப்பு முனையை உட்சுவரிலும் தொடுங்கள். கை நடுங்கி, உட்சுவரும் நடு ஊசியும் ஒன்றாகப் பட்டுவிட்டால் சார்ஜருக்குள் இருக்கும் அடையாளச் சிப் அந்த நொடியே போய்விடும். பழக்கமில்லாதவர்கள் இந்த வேலைக்குப் போக வேண்டாம்.

சார்ஜர் சரிதான் என்று தெரிந்த பிறகு பேட்டரிக்கு வருவோம். விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் (கட்டளையை அடித்து இயக்கும் திரை) 'பவர்சிஎஃப்ஜி', ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஆங்கிலத்தில் (powercfg /batteryreport) அடித்தால் ஓர் அறிக்கைக் கோப்பு உருவாகும். அதில் 'டிசைன் கெபாசிட்டி' (புதிதில் பிடிக்க வேண்டிய அளவு) 41,000, 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' (இப்போது பிடிக்கும் அளவு) 16,000 என்ற கணக்கில் இருந்தால் பேட்டரி தேய்ந்துவிட்டது, மாற்றலாம். ஆனால் ஒன்று: தேய்ந்த பேட்டரி மளமளவென்று ஏறி மளமளவென்று இறங்கும். ஏறவே மாட்டேன் என்பது பெரும்பாலும் வேறு கோளாறு.

கேள்வி: சார்ஜர் பின்னை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறது. பின்னில் பச்சையாக ஏதோ படிந்திருக்கிறது.
– வாசகர், குளச்சல்

பதில்: கடற்கரை ஊர்களில் இது வழக்கமான நோய். உப்புக்காற்றில் செம்பு அரித்துப் பச்சை பூக்கும். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைச் சுவரிலிருந்தும் கழற்றிவிட்டு, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு பின்னைத் துடையுங்கள். காய்ந்த பிறகே செருக வேண்டும். மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம்.

துடைத்தும் ஆடினால் ஜாக், அதாவது லேப்டாப்பில் சார்ஜர் செருகும் துளை, தளர்ந்திருக்கிறது. பல மாடல்களில் ஜாக் ஒரு குட்டி வயரோடு தனியாக வரும். கழற்றி வேறு மாட்டினால் போதும், மதர்போர்டில் கை வைக்க வேண்டியதில்லை. மதர்போர்டையே மாற்றச் சொன்னால், ஜாக் தனியா, போர்டோடு சேர்த்துப் பற்றவைத்ததா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். சார்ஜர் பின் சுடுகிறது, கருகல் வாசம் வருகிறது என்றால் இனி செருகவே செருகாதீர்கள்.

கேள்வி: 80 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. பேட்டரி கோளாறா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: இல்லை. பேட்டரி ஆயுளுக்காக வைத்திருக்கும் வரம்பு அது. லெனோவோவில் வான்டேஜ் செயலியில் 'கன்சர்வேஷன் மோட்', ஆசஸில் மை ஆசஸ் செயலியில் பேட்டரி பகுதி, அங்கே மாற்றிக்கொள்ளலாம். எப்போதும் செருகியே வைத்திருப்பவர் என்றால் 80-லேயே இருக்கட்டும்.

கேள்வி: இடி மின்னலில் கரண்ட் போய் வந்ததிலிருந்து சார்ஜ் ஏறவில்லை. டைப்-சி சார்ஜர். போன் சார்ஜரைப் போட்டாலும் அசையவில்லை.
– வாசகர், குலசேகரம்

பதில்: போன் சார்ஜரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 18 வாட் போன் சார்ஜரைப் பல லேப்டாப்கள் சட்டை செய்யாது; பெரும்பாலானவை 20 வோல்ட்டில் 45 அல்லது 65 வாட் கேட்கும். டைப்-சி முனையில் மல்டிமீட்டர் வைத்தாலும் பூஜ்யம்தான் காட்டும், ஏனென்றால் மறுமுனையில் கருவி இருப்பதை அறிந்த பிறகே சார்ஜர் மின்சாரத்தை விடும்.

முதலில் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு வேறொரு பிளக் பாயின்ட்டில் சார்ஜரைச் செருகி ஆன் செய்யுங்கள். மின்னழுத்தம் துள்ளியதில் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப் குழம்பி நின்றிருந்தால் இதிலேயே தெளிந்துவிடும். தெளியாவிட்டால் 65 வாட் டைப்-சி சார்ஜர் ஒன்றை இரவல் வாங்கிச் சோதியுங்கள். இரண்டு டைப்-சி துளை இருந்தால் இரண்டிலும். அதற்கும் ஏறாவிட்டால் போர்டில் சார்ஜிங் பகுதி அடிபட்டிருக்கலாம், சிப் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். இரண்டு மழைக்காலமும் பார்க்கும் ஊர் நம்முடையது. இடி கேட்டதும் சுவிட்சை மட்டும் அணைக்காமல் பிளக்கையே உருவிவிடுங்கள்.

கேள்வி: சார்ஜ் ஏறவில்லை, டச்பேடும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது.
– வாசகி, தோவாளை

பதில்: பேட்டரி உப்பிவிட்டது. உடனே அணையுங்கள், சார்ஜரைக் கழற்றுங்கள். டச்பேடை அழுத்தி உள்ளே தள்ளக் கூடாது, ஊசியால் குத்திக் காற்றை இறக்கவும் கூடாது; தீப்பற்றும். துணி, மெத்தை பக்கத்தில் இல்லாத சிமென்ட் தரையில் வைத்து, அன்றைக்கே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய்க் கழற்றச் சொல்லுங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் அங்கேயே விட்டுவிடுங்கள். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு.