சென்டருக்குக் கிளம்பும் முன்: அக்னிவீர் தம்பிகளின் கேள்விகளும் ஒரு பழைய பி.டி. உஸ்தாதின் பதில்களும்

ராணுவப் பயிற்சி மையத்தில் (அதைத்தான் சென்டர் என்கிறோம்) ரிக்ரூட்டுகளுக்கு பி.டி., அதாவது உடற்பயிற்சி, சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற உஸ்தாத், பயிற்சியாளன், நான். அக்னிவீர் ஆள்சேர்ப்பு ரேலி, மெடிக்கல் முடிந்து ஜாயினிங் லெட்டருக்குக் காத்திருக்கும் தம்பிகளும் அவர்கள் வீட்டாரும் கேட்கலாம். எழுத்துத் தேர்வு, கட் ஆஃப், ரிசல்ட் தேதி எல்லாம் என் வேலை இல்லை. உடம்பு, கால், பெட்டி, மனசு பற்றிக் கேளுங்கள்.

தேனித் தம்பி: அண்ணா, ரேலியில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 20 விநாடியில் ஓடினேன். முழு 60 மதிப்பெண். சென்டருக்கு இந்த ஸ்டாமினா போதுமா?

நல்ல ஓட்டம் தம்பி. ஆனால் ரேலி ஒரு நாள் கூத்து. ஐந்தரை நிமிடத்தில் முடிந்துவிடும். சென்டரில் விடியும் முன் எழுந்தால் ராத்திரி ரோல் கால் வரை காலில்தான் நிற்பாய். காலையில் பி.டி., அப்புறம் டிரில், ஆயுதப் பயிற்சி, சாயங்காலம் விளையாட்டு, நடுவில் எங்கே போனாலும் ஓட்டம். டிரில் என்றால் பூட்ஸ் போட்டுக்கொண்டு கெட்டித் தரையில் குதிகாலை ஓங்கி அடிப்பது. அது நாள்தோறும் நடக்கும். நான் இருந்த காலத்தில் பி.பி.இ.டி. என்ற போர்த்திறன் உடற்சோதனையில் துப்பாக்கியோடும் முதுகுச் சுமையோடும் 5 கிலோமீட்டர் ஓட வேண்டும், 25 நிமிடத்துக்குள் வந்தால் எக்ஸலென்ட். கயிறு ஏறுவதும் ஒன்பதடிப் பள்ளம் தாண்டுவதும் அதே சோதனையில் சேர்த்தி.

நான் பார்த்தவரை, சென்டரில் படுத்துவிடுகிற பையன்களில் மூச்சு போதாமல் படுத்தவன் குறைவு. கால் எலும்பு தாங்காமல் படுத்தவன்தான் அதிகம். காரணம் இருக்கிறது. நெஞ்சும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்பு அப்படி இல்லை. புதிய பாரம் வந்தால் உடம்பு முதலில் பழைய எலும்பைக் கொஞ்சம் அரித்து எடுக்கும், பிறகுதான் புதிதாக வைத்து நிரப்பும். நிரப்பி இறுக மாதக்கணக்கில் ஆகும். சுவரை இடித்துக் கட்டும்போது நடுவில் வீடு பலமிழந்து நிற்பது போல, அந்த இடைப்பட்ட வாரங்களில் எலும்பு முன்பைவிட வலுக்குறைவாக இருக்கும். காத்திருக்கும் மாதங்களில் சும்மா இருந்துவிட்டுச் சென்டரில் போய் மொத்தப் பாரத்தையும் ஏற்றினால் அது விரிசல் விடும். அதனால் இடிக்கிற வேலையையும் கட்டுகிற வேலையையும் வீட்டிலேயே முடித்துக்கொண்டு போ.

வாரத்தில் நான்கு நாள் ஓடு, ஆறு நாள் வேண்டாம். ஒரு நாள் நீண்ட ஓட்டம். பக்கத்தில் ஓடுகிறவனோடு பேசிக்கொண்டே ஓடும் வேகம் போதும். 4 கிலோமீட்டரில் தொடங்கி மெதுவாக 8, 9 வரை கொண்டுபோ. ஒரு நாள் வேகத்துக்கு: 400 மீட்டர் ஆறு முறை, நடுவில் நடந்து மூச்சை வாங்கிக்கொள். மற்ற இரண்டு நாளும் லேசாக ஓடினால் போதும். மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறை. ஓடாத நாளில் ஒரு பையில் 5 கிலோ போட்டு ஒரு மணி நேரம் நட, போகப் போக 10 கிலோ வரை ஏற்று. சுமையோடு ஓடாதே, நட. தார் ரோட்டைவிட மண் தரை நல்லது.

சிவகங்கையிலிருந்து: சார், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி. ஓடும்போது வலிக்கிறது. ஐஸ் வைத்து வலி மாத்திரை போட்டு ஓடுகிறேன். சரிதானே?

சரியில்லை. இதில் இரண்டு வகை உண்டு. எலும்பின் உட்பக்க ஓரம் நெடுக, ஒரு சாண் நீளத்துக்குப் பரவி வலித்தால், ஓட ஆரம்பிக்கும்போது வலித்து உடம்பு சூடானதும் குறைந்தால், அது பெரும்பாலும் எலும்பை ஒட்டிய சதையும் சவ்வும் நொந்த வலி. ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் ஆறும். ஒரே ஒரு இடத்தில், விரல் நுனியால் அழுத்தினால் சுள்ளென்று வலித்தால், ஓட ஓட வலி கூடினால், ராத்திரி படுத்தாலும் விண்ணென்று தெறித்தால், அது எலும்பில் விரிசலாக இருக்கலாம். அப்படி என்றால் ஒரு அடிகூட ஓடாதே. எலும்பு டாக்டரிடம் போ. முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகும், "எக்ஸ்ரே நார்மல்" என்று நிம்மதியாக வந்துவிடாதே. சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேள். விரிசல்தான் என்றால் ஆறு முதல் எட்டு வாரம் ஓய்வு வேண்டியிருக்கும். மறைத்துக்கொண்டு ஓடினால் முழுசாகவே முறியும்.

வலி மாத்திரை வலியை மட்டும்தான் மறைக்கும். உன் எலும்பு உன்னிடம் சொல்ல வருவதை நீயே வாயைப் பொத்தி நிறுத்துகிறாய். உன் வலி எந்த வகை என்று அழுத்திப் பார்த்துவிட்டு எழுது.

விருதுநகர் தம்பி: அண்ணா, வெறுங்காலில்தான் ஓடிப் பழக்கம். ஷூ போட்டால் பாரமாக இருக்கிறது. சென்டருக்கு ஷூ பழகணுமா?

பழகணும். இன்றைக்கே ஆரம்பி.

கிரவுண்டு மாஸ்டர் ஒருவர்: ஐயா, எங்கள் கிரவுண்டில் பசங்களை வெறுங்காலில்தான் ஓடவிடுகிறோம். ரேலியிலும் பாதிப் பேர் அப்படித்தான் ஓடுகிறார்கள், செலக்ட்டும் ஆகிறார்கள். அபெபே பிகிலா வெறுங்காலில் ஓடி ஒலிம்பிக் மாரத்தானே ஜெயித்தார். நீங்கள் ஒரே வரியில் ஒதுக்கிவிட்டீர்கள்.

மாஸ்டர், பணமில்லாத பையன்களைக் கூட்டி வைத்து ஓடவிடுகிறீர்கள், அதற்கு முதலில் வணக்கம். பிகிலா 1960இல் ரோமில் வெறுங்காலில் ஜெயித்தது உண்மை. 2 மணி 15 நிமிடம் 16 விநாடி. ஆனால் அதே மனிதர் 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மறுபடியும் ஜெயித்தார். அவரும் பட்டாளத்துக்காரர்தான், எத்தியோப்பிய மன்னரின் காவல் படை.

அதே மாஸ்டர்: வெறுங்காலில் ஓடுகிறவன் முன்பாதத்தில் இறங்குகிறான், பாதம் வலுவாகிறது. ஷூக்காரன்தான் குதிகாலை இடித்து முட்டியைக் கெடுத்துக்கொள்கிறான். இதை மறுக்கிறீர்களா?

மறுக்கவில்லை. வெறுங்கால் ஓட்டம் பாதச் சதையை வலுவாக்கும், அடி சின்னதாகும், குதிகால் இடி குறையும். வாரத்தில் ஒரு நாள் புல்தரையில் ஓடவிடுங்கள், நானே சொல்வேன். ஆனால் அந்தப் பாரம் முட்டியைவிட்டுக் கணுக்காலுக்கும் பாத எலும்புக்கும் போகிறது, மறைந்துவிடுவதில்லை. அப்புறம், சென்டரில் இவனை வெறுங்காலில் யார் விடப்போகிறார்கள்? முதல் வாரமே பூட்ஸ் கொடுப்பார்கள். வருஷக்கணக்கில் ஷூவே போடாத கால் அகலமாக விரிந்திருக்கும், திடீரென்று அதைத் தோல் பூட்ஸுக்குள் அடைத்து நாள் முழுக்க நிற்க வைத்தால் கொப்புளம் வராமல் என்ன செய்யும்? ரேலிக்கு நீங்கள் தயார் செய்வது சரி. செலக்ட் ஆன பிறகும் வெறுங்காலிலேயே விடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இன்னொருவர், மதுரை: மாஸ்டர் சொல்வதுதான் சரி. ஷூ கம்பெனிகள் கிளப்பிவிட்ட கதை இது.

தம்பி, நான் கம்பெனி பேர் எதுவும் சொல்லவில்லை, விலை கூடிய ஷூ வாங்கச் சொல்லவும் இல்லை. நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஸ்டோரில் பூட்ஸ் கொடுக்கும் நாள். வரிசையில் ஒரு நம்மூர்ப் பையன். கொடுத்த ஜோடி ஒரு சைஸ் சின்னது. இந்தியில் எப்படிச் சொல்வது என்ற பயத்தில் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டான். சில நாளில் சாக்ஸைக் கழற்றினால் குதிகால் தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கு மேல் டிரில் ஏது, பி.டி. ஏது. கூட வந்தவர்கள் ஓடும்போது இவன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அதனால் எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். பூட்ஸ் அளவு பார்க்கும்போது சாக்ஸ் போட்டுப் பாருங்கள், நின்று பாருங்கள், பெருவிரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் வேண்டும். சாயங்காலம் கால் சற்று வீங்கும், அதையும் கணக்கில் வையுங்கள். சரியில்லை என்றால் "சோட்டா ஹை, உஸ்தாத்" (சின்னதாக இருக்கிறது) என்று சொல்லுங்கள், யாரும் கடிக்கமாட்டார்கள். உள்ளே மெல்லிய சாக்ஸ், மேலே தடித்தது. ஈரச் சாக்ஸைக் கழற்றிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள். நகத்தை ஓரம் வளைக்காமல் நேராக வெட்டுங்கள். ஓரிடம் சூடாக உரசுவது தெரிந்ததும் பிளாஸ்திரி ஒட்டுங்கள், கொப்புளம் வந்தபின் ஒட்டுவது பிந்திய வேலை. வெறுங்கால் பேச்சு இத்தோடு போதும்.

கடலூர் தம்பி: அண்ணா, தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓடணும்?

தேனித் தம்பிக்குச் சொன்ன முதல் பதிலைப் பார்.

நாமக்கல் தம்பி: ஓடும்போது தண்ணீர் குடித்தால் வயிறு பிடிக்கும், குடிக்கவே கூடாது என்கிறார்கள். வெயிலில் பழகினால்தான் தாங்குமாம்.

வெயில் பழக வேண்டும், உண்மை. பத்துப் பதினைந்து நாளில் உடம்பு பழகிக்கொள்ளும், சீக்கிரமும் நிறையவும் வியர்க்கக் கற்றுக்கொள்ளும். ஆனால் அந்த வியர்வைக்குத் தண்ணீர் வேண்டாமா? வறண்ட உடம்போடு வெயிலில் ஓடுவது பழக்கம் ஆகாது, ஆபத்துதான் ஆகும். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போக வேண்டும், கடும் மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை. ஒரேயடியாக நாலைந்து லிட்டர் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொள்வதும் தப்பு, ரத்தத்தில் உப்பு இறங்கி மயக்கமும் வலிப்பும் வரலாம். அவ்வப்போது கொஞ்சம் குடி, உப்புப் போட்ட மோரோ கஞ்சியோ சேர்த்துக்கொள். கூட ஓடுகிறவன் உளறினாலோ தள்ளாடினாலோ அதைச் சோர்வு என்று விட்டுவிடாதீர்கள். நிழலுக்கு இழுத்துப்போட்டு உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஒருவர் ஆம்புலன்சுக்கு 108ஐக் கூப்பிடட்டும். வண்டி வரும் வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தக் கூடாது.

பெயர் வேண்டாம்: ஓடுவதற்கு முன்னால் ஒரு ஊசி போட்டால் மூச்சே வாங்காது என்கிறான் நண்பன். பிரீ ஒர்க்கவுட் பவுடரும் சொல்கிறான்.

வேண்டாம். இரண்டும் வேண்டாம். என்ன மருந்து என்றே தெரியாமல் உடம்பில் ஏற்றிக்கொண்டு வெயிலில் ஓடினால் இதயமே நின்றுபோகலாம். முட்டை, பால், சுண்டல், மீன், சோறு. இது போதும்.

தஞ்சாவூர் அம்மா ஒருவர்: என் மகன் அடுத்த மாதம் போகிறான். வீட்டில் ஒரு டம்ளர்கூடக் கழுவியதில்லை. எப்படித் தாங்குவான் என்று தூக்கம் வரவில்லை.

தாங்குவான் அம்மா. ஆனால் இந்த ஒரு மாதம் நீங்கள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு எல்லா வேலையையும் அவன் கையில் விடுங்கள். அவன் துணியை அவனே துவைக்கட்டும், இஸ்திரி போடட்டும், பட்டன் தைக்கட்டும், ஷூ பாலிஷ் போடட்டும், படுக்கையைச் சுருக்கமில்லாமல் மடிக்கட்டும். நாலரை மணிக்கு எழட்டும், பத்து மணிக்குப் படுக்கட்டும். தட்டு வைத்தால் பத்து நிமிடத்தில் சாப்பிட்டு எழட்டும். சென்டரில் பையன்கள் திட்டு வாங்குவது பெரும்பாலும் இந்தச் சின்ன வேலைகளில்தான், அதில்தான் தூக்கமும் போகும். இதெல்லாம் கைக்கு வந்துவிட்டால் அவனுக்கு ராத்திரி அரை மணி நேரம் கூடுதல் தூக்கம் கிடைக்கும். அது அங்கே பெரிய சொத்து.

போன் எப்போது வேண்டுமானாலும் கையில் இருக்காது. அப்பா நம்பரும் உங்கள் நம்பரும் அவனுக்கு மனப்பாடமாக இருக்கட்டும். முதல் வாரங்களில் கூப்பிட்டு அழுதால் "வந்துவிடு" என்று மட்டும் சொல்லாதீர்கள், சாப்பிட்டாயா, கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பைக் லோன் ஏதாவது அவன் பேரில் இருந்தால் இப்போதே கணக்குப் போடுங்கள். முதல் வருடச் சம்பளம் 30,000 ரூபாய், அதில் 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போய் 21,000தான் கைக்கு.

கன்னியாகுமரி தம்பி: இந்தி சுத்தமாகத் தெரியாது. தெற்கத்திய சென்டர் என்றால் தமிழிலேயே சொல்வார்களா?

நம்மூர் உஸ்தாத்கள் இருப்பார்கள், தமிழில் விளக்குவார்கள். ஆனால் டிரில் கட்டளை இந்திதான். சாவ்தான் (விறைப்பாக நில்), விஷ்ராம் (தளர்ந்து நில்), தாஹினே முட் (வலப்பக்கம் திரும்பு), பாயே முட் (இடப்பக்கம் திரும்பு), பீச்சே முட் (பின்னால் திரும்பு), தேஜ் சல் (வேகமாக நட), தம் (நில்). ஒரு நண்பனை இவற்றைக் கத்தச் சொல்லி வாசலில் பழகு. இடமும் வலமும் குழம்பாமல் திரும்பினாலே பாதிப் பயம் போய்விடும். பேச்சு மூன்று மாதத்தில் தானாக வரும்.

திருப்பூர் தம்பி: நீலகிரியில் வெலிங்டன் சென்டர் கிடைத்திருக்கிறது. மலையில் மூச்சு முட்டுமா?

கிட்டத்தட்ட 6,000 அடி. முதல் சில நாள் ஓட்டத்தில் தெரியும், பிறகு தெரியாது. குளிர்தான் பார்த்துக்கொள்ள வேண்டியது. உடம்பைச் சூடாக்காமல் வேகமாக ஓடாதே.

அரியலூர் தம்பி: வெரிகோஸ் வெயின் (காலில் நரம்பு புடைப்பு) என்று மெடிக்கலில் நிறுத்திவிட்டார்கள். அப்பீல் பண்ணலாமா?

இது என் வேலை இல்லை தம்பி. கையில் கொடுத்த சீட்டில் எந்த ராணுவ மருத்துவமனை, எந்தத் தேதிக்குள் என்று இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் கேள். தேதியைத் தாண்டவிடாதே.

இரண்டு பேர் ஒரே கேள்வி: என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

ஜாயினிங் லெட்டரில் பட்டியல் இருக்கிறது. அதில் உள்ளது எல்லாம், அதில் இல்லாதது எதுவும் வேண்டாம். அசல் சான்றிதழ்கள், நகல் பல செட், போட்டோ, இரும்புப் பெட்டி, நல்ல பூட்டு. நகையும் விலை கூடிய போனும் வீட்டில் இருக்கட்டும். சொத்தைப் பல் இருந்தால் இந்த வாரமே பல் டாக்டரிடம் போங்கள். பல்வலியோடு டிரில் செய்ய முடியாது.

சிவகங்கை, மறுபடியும்: சார், அழுத்திப் பார்த்தேன். ஒரே இடம்தான், சுள்ளென்று வலிக்கிறது. ஜாயினிங்குக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாய்ப்பே போய்விடுமோ?

பயம் புரிகிறது தம்பி. ஆனால் விரிசல் காலோடு போனால் முதல் வாரமே தெரிந்துவிடும், அப்போது ஆறுவதற்கும் நாள் கூட ஆகும். இன்றைக்கே ஓட்டத்தை நிறுத்து, வலி மாத்திரையை நிறுத்து. வீட்டில் சொல். நாளைக் காலையில் அரசு மருத்துவமனை எலும்புப் பிரிவுக்குப் போய், எத்தனை நாளாக வலி, மாத்திரை போட்டு ஓடியது, ஜாயினிங் தேதி என்று எதையும் விடாமல் சொல். டாக்டர் எழுதித் தரும் சீட்டோடு அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குப் போய், பின்னால் ஒரு தேதி கிடைக்குமா என்று நேரிலேயே கேள், எழுத்திலும் கொடு. டாக்டர் என்ன சொன்னார் என்று நாளைக்கு எழுது, பார்க்கிறேன்.