பழைய சேவலை விற்றாயிற்று, புதுச் சேவலின் குஞ்சு எப்போது வரும்?

கேள்வி: என்னிடம் எட்டு நாட்டுப் பெட்டைகள் இருக்கின்றன. கூட இருந்த சிறுவிடைச் சேவலைப் போன வாரம் விற்றுவிட்டு, நல்ல உயரமான பெருவிடைச் சேவல் ஒன்றை வாங்கி விட்டிருக்கிறேன். இப்போது கிடைக்கும் முட்டைகளை அடை வைத்தால் புதுச் சேவலின் குஞ்சுதானே பொரிக்கும்? பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், "முதலில் சேர்ந்த சேவலின் ரத்தம் பெட்டையை விட்டுப் போகாது, பெட்டைகளையும் மாற்று" என்கிறார். ஒரு பெட்டை வேறு அடைக்கு உட்கார்ந்துவிட்டது. என்ன செய்யலாம்? (காங்கேயம் பகுதி வாசகர்)

பதில்: பெட்டைகளைத் தயவுசெய்து விற்றுவிடாதீர்கள். பழைய சேவல் போன நாளிலிருந்து மூன்று வாரம் முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வரும் முட்டைகளை நம்பி அடை வைக்கலாம்.

ஏன் மூன்று வாரம்? ஆட்டையும் மாட்டையும் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கோழியின் உடம்பு விசித்திரமாகத்தான் தெரியும். பெட்டைக்கு இடது பக்கச் சினைப்பையும் இடது பக்க முட்டைக்குழாயும் மட்டுமே வளர்ந்து வேலை செய்கின்றன. வலது பக்கத்தில் இருப்பது முட்டைக்குள் கருவாக இருக்கும்போதே வளர்ச்சி நின்று சுருங்கிவிடுகிறது. சினைப்பையில் மஞ்சள் கருக்கள் சிறிதும் பெரிதுமாகத் திராட்சைக் குலைபோல் தொங்கும். முட்டையிடும் கோழியை அறுத்தவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள்.

முற்றிய மஞ்சள் கரு ஒன்று உதிர்ந்ததும், குழாயின் புனல் போன்ற வாய் அதை வாங்கிக்கொள்கிறது. அங்கே அது தங்குவது ஏறக்குறைய கால் மணி நேரம். கரு கூடுவது அந்தக் கால் மணி நேரத்தில்தான். அடுத்த பகுதியில் சுமார் மூன்று மணி நேரம் வெள்ளைக்கரு சுற்றுகிறது. விந்தணு இனி உள்ளே நுழைய முடியாது. பிறகு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓட்டுக்கு அடியில் இருக்கும் சவ்வு, கடைசியாக 20, 21 மணி நேரம் ஓடு. மொத்தம் 25, 26 மணி ஆகிவிடுவதால்தான் பெட்டை தினமும் கொஞ்சம் தாமதமாக முட்டையிட்டு, பிறகு ஒரு நாள் விட்டுவிடுகிறது.

சரி, சேவல் மிதிப்பது, அதாவது பெட்டையோடு இணைவது ஒரு நாள், மஞ்சள் கரு உதிர்வது வேறொரு நாள். அந்தக் கால் மணி நேரத்துக்குச் சரியாக விந்து எப்படி வந்து சேர்கிறது? ஓடு உருவாகும் பைக்கும் குழாயின் கடைசிப் பகுதிக்கும் இடையே, கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் இருக்கின்றன. சேவல் விட்ட விந்தில் ஒரு சிறு பங்கு அவற்றுக்குள் போய்த் தங்கிக்கொள்கிறது. 41 பாகை செல்சியஸ் இருக்கும் பெட்டையின் உடம்புச் சூட்டிலும் அது சாவதில்லை. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, மேலே புனலை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. கோழியியலில் என்னை இன்றைக்கும் வியக்க வைப்பது இதுதான். ஒரு முறை மிதித்தாலே பத்து, பதினைந்து நாள்வரை கருக்கூடிய முட்டை வரும், சில பெட்டைகளில் மூன்று வாரம்கூட. வான்கோழியில் இன்னும் நீளம், பத்து வாரம்வரை போகும்.

ஆக, பெரியவர் சொன்னதில் பாதி உண்மை. சேவலை விற்ற பிறகும் அதன் குஞ்சு வரும். ஆனால் தங்கியிருந்த விந்து தீர்ந்துவிட்டால் பழைய சேவலின் எந்தச் சாயலும் பெட்டையிடம் மிஞ்சாது. அதன் ரத்தத்தில் எதுவும் கலப்பதில்லை.

புதுச் சேவலை விட்டுவிட்டோமே, மூன்று வாரம் பிரித்து வைக்க வேண்டுமா என்று யோசிப்பீர்கள். தேவையில்லை. பழைய விந்து தீரும் அதே நாட்களில் புது விந்து சேர்ந்துகொண்டிருக்கும், உங்களுக்கு நாள்தான் மிச்சம். பெரும்பாலும் கடைசியாக மிதித்த சேவலுக்கே வாய்ப்பு அதிகம். அதனால் ஒரு வாரம் கழிந்ததுமே பல முட்டைகள் புதுச் சேவலுடையதாக இருக்கும். ஆனால் எது எதனுடையது என்று முட்டையைப் பார்த்துச் சொல்ல வழி கிடையாது. இனத்தைச் சுத்தமாக வைக்க நினைப்பவர் பொறுத்திருப்பதே நல்லது.

அடைக்கு உட்கார்ந்த பெட்டையின் அடியில், தெரிந்தவரிடம் வாங்கிய நல்ல பெருவிடை முட்டைகளை வையுங்கள். அது குஞ்சு வளர்த்து மறுபடி முட்டைக்கு வரும்போது பழைய விந்து கொஞ்சமும் இருக்காது.

காத்திருக்கும் நாட்களில் இரண்டு, மூன்று முட்டைகளைத் தட்டில் உடைத்துப் பாருங்கள். மஞ்சள் கருவின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். ஓரம் ஒழுங்கில்லாத சிறு திட்டாக இருந்தால் கரு கூடவில்லை. நடுவில் தெளிவாக, சுற்றிலும் வளையம் போட்டாற்போல் இருந்தால் கூடியிருக்கிறது. ரத்தப் புள்ளி தெரிந்தால் அதைக் கரு என்று நினைக்க வேண்டாம். மஞ்சள் கரு உதிரும்போது ஒரு நுண்நாளம் வெடித்ததால் வருவது அது.

மூன்று வாரம் முடிந்ததும் முட்டைகளில் பென்சிலால் தேதி எழுதி, ஈர மணலில் வைத்த மண்பானையில் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்குங்கள். ஒரு வாரத்துக்கு மேல் சேர்க்க வேண்டாம், வெயில் காலத்தில் நான்கைந்து நாள் போதும். அடை வைத்த ஏழாம் நாள் ராத்திரி, செல்போன் விளக்கில் பிடித்துப் பார்த்தால் சிலந்திவலைபோல் ரத்த நாளங்கள் தெரியும்.

பாதிக்கு மேல் வெறுமையாகத் தெரிந்தால் பெட்டைகளைக் குறை சொல்லாமல் சேவலைக் கவனியுங்கள். எட்டுப் பெட்டைக்கு ஒரு சேவல் தாராளம். ஆனால் சேவலுக்கு ஆணுறுப்பு என்று தனியாக நீட்டிக்கொண்டிருப்பது எதுவும் இல்லை. இரண்டின் எச்சத்துவாரமும் ஒரு நொடி ஒட்டினால்தான் விந்து உள்ளே போகும். உயரமான பெருவிடைச் சேவல் சிறிய பெட்டைமேல் ஏறும்போது அது பல தடவை தவறிப்போகும். இரண்டுக்கும் எச்சத்துவாரத்தைச் சுற்றி அடர்ந்த இறகைக் கத்திரித்து விடுங்கள், சேவலின் காலில் புண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.