ஈடித் ஏன் அந்தக் கல்யாணத்துக்கு வந்தாள்?

அன்பின் அக்காவுக்கு,

நானும் என் அக்காவும் வெள்ளவத்தையில் ஒரே தொடர்மாடியில் மேல்வீடும் கீழ்வீடுமாக இருக்கிறோம். ஒரு ஆங்கிலப் பிரபு வீட்டின் மூன்று பெண்கள் மேரி, ஈடித், சிபில் ஆகியோரைப் பற்றிய 'டவுன்டன் அபி' தொலைக்காட்சித் தொடரின் ஆறு சீசனையும் பிள்ளைகள் படுத்த பிறகு பார்த்து முடித்தோம். அன்றிலிருந்து ஒரே வாக்குவாதம். தங்கச்சியின் வாழ்க்கையைக் கெடுக்கப் பார்த்த மேரியை மன்னிக்கவே முடியாது என்பது என் கட்சி. தொடக்கி வைத்தவள் ஈடித்தானே, மேரியின் கட்டிலில் ஒரு துருக்கிக்காரன் செத்ததைத் துருக்கித் தூதரகத்துக்குக் கடிதமாக எழுதியது யார் என்கிறார் அக்கா. அவ்வளவு நடந்த பிறகும் மேரி ஹென்றியைக் கட்டும் கல்யாணத்துக்கு ஈடித் ஏன் வந்தாள்? கதையை நல்லபடியாக முடிக்க எழுதியவர் பார்த்துக்கொண்ட வசதியா? அந்த வீட்டு வேலைக்காரர்களான பேட்ஸ், ஆனா ஜோடியைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள்.

வாசகி, வெள்ளவத்தை

அன்பின் தங்கைக்கு,

வசதி இல்லை. அந்த வருகைக்காகத்தான் ஆறு சீசனும் என்றுகூட நான் சொல்வேன். எல்லோரும் மேரி, மத்தியூ காதலைத்தான் கதைக்கிறார்கள். ஆனால் மத்தியூ மூன்றாம் சீசனோடு கார் விபத்தில் போய்விடுகிறான், நாடகம் அதற்குப் பிறகும் மூன்று சீசன் ஓடுகிறது. முதலிலிருந்து கடைசிவரை அறுபடாமல் வருவது இந்த இரண்டு சகோதரிகளின் பகைதான்.

அது எங்கே தொடங்குகிறது என்று திரும்பப் பாருங்கள். 1912இல் டைட்டானிக் மூழ்கி, சொத்துக்கு உரிமைக்காரனான பேட்ரிக் இறந்துபோகிறான். மேரிக்குப் பேசி வைத்த மாப்பிள்ளை அவன். மேரிக்கோ அவனுக்காகக் கறுப்பு உடுத்த வேண்டுமே என்பதுதான் கவலை. அழுகிறவள் ஈடித், ஏனென்றால் அவனை உண்மையில் விரும்பியது அவள்தான். அந்த வீட்டில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அதே முதல் சீசனில் தாயும் தகப்பனும் கதைக்கிற இடம் ஒன்று உண்டு. ஈடித்தைப் பற்றி நாங்கள் கதைப்பதே இல்லையே என்கிறார் தகப்பன். வயதுபோன காலத்தில் எங்களைப் பார்க்கப்போவது அவள்தான் என்கிறாள் தாய். கோபமில்லாமல், பாசத்தோடுதான் சொல்கிறார்கள், அதனால்தான் எனக்கு அவ்வளவு வலித்தது. ஒரு பிள்ளையைக் கல்யாணக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டு நிம்மதியாகப் படுக்கிறார்கள்!

இதற்கு அடியில் இருப்பது சொத்து. பட்டமும் வளவும் ஆண் வழிக்கே போகும், அது அந்தக் காலத்து இங்கிலாந்தில் வழக்கம்தான். ஆனால் தாய் கோரா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பணமும் அந்த வளவோடு சேர்த்துக் கட்டப்பட்டுவிட்டது. தாயின் காசில்கூட மூன்று பெண்களுக்கும் உரிமை இல்லை. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுத்த எங்கள் யாழ்ப்பாணத் தமிழர் சட்டமான தேசவழமையில் தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு இறங்கும். அந்தச் சட்டத்திலும் பெண்களுக்குப் பாதகமான பகுதிகள் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை, ஆனாலும் ஒரு யாழ்ப்பாணத் தாய்க்கு இந்த ஏற்பாடு விளங்கவே விளங்காது. டவுன்டனில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கக்கூடியது ஒரு கணவன் மட்டுமே, அதிலும் முதல் தெரிவு மூத்தவளுக்கு. அப்படி வளர்ந்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறாமல் இருந்திருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

கடிதம் எழுதியது ஈடித்தின் பெரிய பிழை, அதில் உங்கள் அக்கா சரி. ஆனால் மேரி அதற்கு அப்போதே பழி வாங்கிவிட்டாள். 1914இல் போர்ச் செய்தி வந்த அந்தத் தோட்ட விருந்தில், ஈடித்தைப் பெண் கேட்கவிருந்த ஸ்ட்ராலனின் காதில் ஒரு பொய்யைப் போட்டு, ஈடித்துக்கு வரவிருந்த கல்யாணத்தைக் கலைத்தாளே, அதோடு கணக்கு நேராகிவிட்டது. பதினொரு வருசம் கழித்துக் காலைச் சாப்பாட்டு மேசையில் நடந்ததைப் பழைய கணக்கில் சேர்க்க முடியாது. ஹென்றி மேரியை விட்டுப் போய்விட்டான், தங்கச்சியோ மார்க்கிஸ் என்ற பெரிய பட்டம் உள்ள பெர்ட்டியின் மனைவியாகி எல்லோரையும் விட உயரத்துக்குப் போகப்போகிறாள், அந்த எரிச்சலில் அவனுக்கு முன்னால் அந்த வீட்டில் வளரும் சிறுமி மாரிகோல்டைப் பற்றி எடுத்துவிடுகிறாள். அதில் நான் உங்கள் கட்சி. ஒன்றைக் கவனித்தீர்களா? மேரி சுற்றி வளைத்துத் தொடங்கி வைக்கிறாள், "அவள் என் மகள்" என்று சொல்லி முடிப்பது ஈடித். அத்தனை வருசம் ஒளித்து வைத்த பிள்ளையை, கல்யாணம் கையை விட்டுப் போகும் என்று தெரிந்தே, வாய் திறந்து சொந்தம் கொண்டாடுகிறாள். எனக்கு ஈடித் பெரியவளாகத் தெரிந்தது அந்த நிமிடத்தில்தான்.

பிறகும் ஏன் வந்தாள்? பதில் மூன்றாம் சீசனிலேயே இருக்கிறது. பிரசவத்தில் வலிப்பு வந்து சிபில் இறந்து கிடக்கிறாள், மற்ற இருவரும் பக்கத்தில் நிற்கிறார்கள். இனியாவது நாங்கள் கொஞ்சம் ஒத்துப்போவோமா என்று ஈடித் கேட்கிறாள். எனக்குச் சந்தேகம்தான் என்கிறாள் மேரி, ஆனால் மூன்று பேரும் சேர்ந்திருப்பது இதுதான் கடைசித் தடவை, இப்போதைக்குச் சகோதரிகளாக அன்பாக இருப்போம் என்கிறாள். எங்கள் ஆட்களும் செத்தவீட்டில் கட்டிப்பிடித்து அழுவார்கள், அந்தியேட்டிச் சடங்கு முடிய முதலே காணிக் கதை தொடங்கிவிடும். மேரி அந்தப் பொய் வாக்குறுதியைக் கொடுக்கவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. கல்யாணத்தன்று ஈடித் சொல்லும் காரணமும் அதே மாதிரி நேர்மையானது. சிபிலையும் மத்தியூவையும் அப்பா அம்மாவையும் பாட்டியையும் நினைவு வைத்திருக்க ஒரு நாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் மிஞ்சுவோம், அன்றைக்கு எங்கள் வெறுப்பைவிட அந்த நினைவுகள் பெரிதாக இருக்கும் என்கிறாள். அவள் மன்னிக்கவில்லை, மறக்கவும் இல்லை, ஆனாலும் வருகிறாள்.

கொழும்பில் இருந்துகொண்டு இதைக் கேட்கிற எங்களுக்கு விளக்கம் தேவையா? ஒருத்தி டொரொன்டோவில், ஒருத்தி பம்பலப்பிட்டியில், ஊரில் வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும். சீதன உறுதியில் வந்த மனத்தாங்கலில் வருசக்கணக்காக முகம் பார்க்காத சகோதரிகளை எனக்குத் தெரியும். அம்மம்மா எந்த மூலையில் இருந்து மா இடித்தா என்று கேட்க அவர்களுக்கு உலகத்தில் வேறு ஆள் இல்லை, கடைசியில் போனை எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

பேட்ஸ், ஆனா பற்றி அதிகம் இல்லை. ஆனாவைப் பிடிக்கும், அந்தச் சிறைக் கதையை இழுத்தது பிடிக்கவில்லை.

அக்காவோடு அடுத்த சுற்று வாதத்துக்கு ஒன்று தருகிறேன். கடைசி அத்தியாயத்தில் பெர்ட்டியையும் ஈடித்தையும் லண்டன் ரிட்ஸில் திரும்பச் சந்திக்க வைக்கும் ஏற்பாட்டைச் செய்தது மேரி. அதற்குப் பிறகும் அவளை மன்னிக்கவே முடியாது என்றால், நீங்கள் ஈடித்தைவிடக் கடுமையாக இருக்கிறீர்கள்.

அன்புடன்,
அக்கா