எந்தத் தளத்தில் தொல்லையோ அங்கே மட்டும் கை வையுங்கள்: பிரவுசர் கேள்வி பதில்

பிரவுசர் செட்டிங்ஸ் பற்றி வந்த கேள்விகள் மட்டும் இந்த இதழில். தனியாகச் சொல்லாத இடங்களில் விண்டோஸ் கணினியில் இருக்கும் குரோமைக் குறிப்பிடுகிறோம். வலது மேல் மூலையில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று புள்ளிகள் இருக்கும். அதைத் தொட்டால் பட்டியலின் அடிப்பகுதியில் செட்டிங்ஸ். அந்தப் பக்கத்தின் உச்சியிலேயே ஒரு தேடல் பெட்டி உண்டு. கீழே சொல்லும் பெயர் கண்ணில் படவில்லை என்றால் அதில் அடித்துத் தேடுங்கள்.

கே: திரையின் வலது கீழ் மூலையில் 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்' என்று பெட்டி பெட்டியாக வருகிறது. ஆன்டிவைரஸ் ஓட்டிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. (தேனி வாசகர்)

ப: அந்தப் பெட்டியை அடுத்த முறை உற்றுப் பாருங்கள். கொட்டை எழுத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் குரோம் என்ற பெயரும், அதையொட்டி ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் இருக்கும். அனுப்புவது அந்தத் தளம்தான். கணினிக்குள் எதுவும் புகுந்திருக்க வேண்டியதில்லை, அதனால்தான் ஆன்டிவைரஸுக்கு எதுவும் சிக்கவில்லை. படமோ பாட்டோ தேடிப் போன இடத்தில் 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் என்பதை அழுத்துங்கள்' என்று கேட்டிருப்பார்கள். அழுத்தியது ரோபோ சோதனைக்கு அல்ல, அறிவிப்பு அனுப்பும் அனுமதிக்கு.

செட்டிங்ஸில் ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். கீழே இறங்கினால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். பெட்டியில் பார்த்த முகவரிக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு பிளாக் கொடுங்கள். ரிமூவ் கொடுத்தால் அந்தத் தளம் அடுத்த முறை மறுபடி அனுமதி கேட்கும். பிளாக் செய்தால் கேட்கவே முடியாது. மெயில், காலண்டர் போன்று நீங்களே விரும்பி வைத்தவற்றை விட்டுவிடுங்கள். இனி எந்தப் புதுத் தளமும் கேட்கவே வேண்டாம் என்றால் அதே பக்கத்தின் மேற்பகுதியில் தளங்கள் அறிவிப்பு அனுப்புவதையே தடுக்கும் தேர்வும் இருக்கிறது. அந்தப் பெட்டியில் வரும் போன் எண்ணுக்கு எக்காரணம் கொண்டும் அழைக்காதீர்கள்.

கே: குரோமைத் திறந்தாலே பெயர் தெரியாத ஒரு தேடல் பக்கம் வருகிறது. மாற்றி வைத்தாலும் மறுநாள் அதுவே வந்து நிற்கிறது. (கும்பகோணம் வாசகி)

ப: மாற்றியது திரும்பி வருகிறது என்றால் நீங்கள் மாற்றிய இடம் ஒன்று, அது ஒளிந்திருக்கும் இடம் வேறு. வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

முதலில் செட்டிங்ஸில் ஆன் ஸ்டார்ட்டப். குறிப்பிட்ட பக்கத்தைத் திற என்ற தேர்வில் அந்த முகவரி இருந்தால் நீக்குங்கள். அடுத்து சர்ச் இன்ஜின் பகுதியில் எது இயல்புத் தேடலாக இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலானோர் இந்த இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அசல் குற்றவாளி பல நேரம் எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி மென்பொருள். பிடிஎஃப் மாற்றித் தருகிறேன், கூப்பன் தேடித் தருகிறேன் என்று வந்த ஏதாவது ஒன்று தேடலைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கும். எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக உயிர்ப்பியுங்கள். எதைப் போட்டதும் தொல்லை திரும்புகிறதோ அதை ரிமூவ் செய்யுங்கள். வேறு கணினியிலும் இதே கூகுள் கணக்கில் சிங்க் (ஒரே கணக்கின் விவரங்களை எல்லாக் கருவிகளிலும் ஒன்றாக வைக்கும் வசதி) போட்டிருந்தால் அங்கேயும் போய்விட்டதா என்று பார்த்துவிடுங்கள்.

அதற்கும் அசையவில்லையா? டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஐகானை வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போங்கள். டார்கெட் என்ற கட்டத்தில் உள்ள நீளமான வரியின் கடைசிவரை கர்சரை நகர்த்துங்கள். பொதுவாக அது குரோம் புள்ளி இஎக்ஸ்இ என்று முடிந்து, மேற்கோள் குறியோடு நின்றுவிடும். அதற்குப் பின் ஓர் இடைவெளி விட்டு ஏதாவது இணைய முகவரி ஒட்டியிருந்தால் அதுதான் தினமும் திறப்பது. மேற்கோள் குறிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் அழித்து அப்ளை கொடுங்கள். கீழே டாஸ்க்பாரில் இருக்கும் ஐகான் தனி. அதை வலது கிளிக் செய்து, வரும் பட்டியலில் கூகுள் குரோம் என்ற பெயரின்மேல் மறுபடி வலது கிளிக் செய்தால் அதன் ப்ராப்பர்ட்டீஸ் கிடைக்கும்.

ரிமூவ் பொத்தானே வராத எக்ஸ்டென்ஷன் இருந்தாலோ, மூன்று புள்ளி மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற பொருளில் வரி தெரிந்தாலோ, முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று அடியுங்கள். வெளியிலிருந்து திணிக்கப்பட்ட விதிகள் அங்கே பட்டியலாக வரும். அலுவலகக் கணினியில் இது சகஜம். வீட்டுக் கணினியில் இருந்தால் ஏதோ ஒரு மென்பொருள் எழுதி வைத்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்து விண்டோஸிலிருந்தே நீக்க வேண்டும்.

ரீசெட் செட்டிங்ஸ் கடைசி ஆயுதம். புக்மார்க், ஹிஸ்டரி, சேமித்த பாஸ்வேர்டு மூன்றும் தப்பிக்கும். தொடக்கப் பக்கம், தேடல், பின் செய்த டேப்கள் பழைய நிலைக்குப் போகும். எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் அணைந்துவிடும். லாகினை நினைவில் வைத்திருக்கும் குக்கீ என்ற சிறு கோப்புகள் அழிவதால் எல்லாத் தளங்களிலும் திரும்ப லாகின் செய்ய வேண்டியிருக்கும்.

கே: வேகம் கூடும் என்று வாரம் ஒருமுறை பிரவுசரில் எல்லாவற்றையும் அழிக்கிறேன். வேகம் கூடியதாகத் தெரியவில்லை. (மட்டக்களப்பு வாசகர்)

ப: குறைந்திருக்கும். கேஷ் என்பது ஏற்கெனவே இறக்கிய படங்களையும் கோப்புகளையும் கைவசம் வைத்திருக்கும் பரண். அதைக் காலி செய்தால் அடுத்த முறை அத்தனையையும் மறுபடி இறக்க வேண்டும். டேட்டாவும் செலவு, நேரமும் செலவு.

ஒரு தளம் மட்டும் பழைய பக்கத்தையே காட்டுகிறது என்றால் அந்தப் பக்கத்தில் இருந்தபடி கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பரணைப் பார்க்காமல் புதிதாக இறக்கிக்கொள்ளும். லாகின் சுற்றிச் சுற்றி வந்தால், முகவரியின் இடப்பக்கம் உள்ள சின்னத்தைத் தொடுங்கள். முன்பு பூட்டு இருந்த அந்த இடத்தில் 2023 முதல் இரண்டு கோடுகளும் வட்டங்களுமாக ஒரு குறி இருக்கிறது. அதில் குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா வழியாகப் போய் அந்தத் தளத்தின் குக்கீயை மட்டும் அழிக்கலாம். மற்ற தளங்களின் லாகின் அப்படியே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: சிங்க் போட்டிருப்பவர்கள் கணினியில் ஹிஸ்டரியை அழித்தால் போனிலும் சேர்ந்தே போய்விடும். அழிக்கும் பட்டியலில் பாஸ்வேர்டுக்கு எதிரே கட்டம் இருந்தால் அதில் தவறியும் டிக் போடாதீர்கள்.

கே: தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்தால் தானாக ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. (கோவை வாசகர்)

ப: எப்போதோ 'தமிழை எப்போதும் மொழிபெயர்' என்பதில் டிக் விழுந்திருக்கிறது. செட்டிங்ஸில் லாங்குவேஜஸ், அதில் கூகுள் டிரான்ஸ்லேட் பகுதி. தானாக மொழிபெயர்க்கும் மொழிகளில் தமிழ் இருந்தால் நீக்குங்கள். அதற்குக் கீழே 'இந்த மொழிகளை மொழிபெயர்க்கவா என்று கேட்காதே' என்ற பட்டியலில் தமிழைச் சேருங்கள். விண்ணப்பப் படிவங்களை மொழிபெயர்ப்பு போட்ட நிலையில் நிரப்பவே வேண்டாம். பக்கத்துக்குள் இருக்கும் எழுத்துகளையே மாற்றிப் போடுவதால் சில படிவங்களில் பொத்தான்கள் வேலை செய்யாமல் நின்றுவிடும்.

கே: தமிழ் எழுத்துகள் மிகச் சிறிதாகத் தெரிகின்றன. கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. (மதுரை வாசகி, வயது 68)

ப: குரோமில் அப்பியரன்ஸ் பகுதியில் ஃபான்ட் சைஸ், பேஜ் ஜூம் என்று இரண்டு இருக்கின்றன. ஃபான்ட் சைஸ் இயல்பாக மீடியம், அதாவது 16. லார்ஜ் என்றால் 20. ஆனால் எழுத்தின் அளவைத் தானே கறாராகக் குறித்துவிட்ட தளங்களில் இந்த மாற்றம் எடுபடாது. உங்களுக்கு வேண்டியது பேஜ் ஜூம். 125 சதவீதம் வைத்துப் பாருங்கள், படம் உட்பட எல்லாமே பெரிதாகும். ஒரு தளம் மட்டும் சிறிதாக இருந்தால் அங்கே கன்ட்ரோலைப் பிடித்தபடி கூட்டல் குறியை அழுத்துங்கள். அந்தத் தளத்துக்கான அளவை குரோம் நினைவில் வைத்துக்கொள்ளும்.

தமிழ் நிறையப் படிப்பவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸை மனமாரப் பரிந்துரைக்கிறோம். அதில் தமிழுக்கு மட்டும் தனியாக எழுத்துரு வைக்கலாம். செட்டிங்ஸ், ஜெனரல், ஃபான்ட்ஸ், அட்வான்ஸ்டு என்று போனால் மேலே 'ஃபான்ட்ஸ் ஃபார்' என்ற பட்டியலில் தமிழ் இருக்கும். அதைத் தேர்ந்து, நிர்மலா யூஐ அல்லது லதா போன்ற எழுத்துருவைக் கொடுத்து, மினிமம் ஃபான்ட் சைஸை 18 ஆக்குங்கள். அடியில் தளங்கள் தம் சொந்த எழுத்துருவைப் பயன்படுத்த அனுமதிக்கும் டிக் இருக்கிறது. அதை எடுத்தால் உங்கள் எழுத்துருவே எங்கும் வரும். ஆனால் சில தளங்களில் படக்குறிகள் வெறும் கட்டங்களாகிவிடும். அதனால் டிக்கை விட்டுவைத்து, நீண்ட கட்டுரைகளுக்கு எஃப் 9 விசையை அழுத்தி ரீடர் வியூவில் (கட்டுரையை மட்டும் காட்டும் நிலை) படிப்பது மேல்.

கே: பழைய தமிழ்ப் பக்கம் ஒன்று ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிகிறது. எந்த செட்டிங்? (யாழ்ப்பாண வாசகர்)

ப: எந்த செட்டிங்கும் உதவாது. 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று தெரிகிறதா? அப்படியானால் அது பாமினி. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவை வரைந்து வைத்த எழுத்துரு அது. எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துதான் வெளியே தெரியும். பாமினியைக் கணினியில் நிறுவுங்கள். அல்லது அந்த வரிகளை நகலெடுத்து, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் ஒட்டுங்கள்.

கே: கட்டணம் கட்டியதும் ரசீது திறக்கவில்லை. பணம் மட்டும் போய்விட்டது. (விழுப்புரம் வாசகர்)

ப: ரசீது புதிய விண்டோவில் திறக்க முயன்றிருக்கும், குரோம் அதை விளம்பரம் என்று நினைத்துத் தடுத்திருக்கும். முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் சிறு பெட்டியில் சிவப்புக் குறி வந்திருக்கிறதா பாருங்கள். அதைத் தொட்டு இந்தத் தளத்துக்கு எப்போதும் அனுமதி என்று கொடுங்கள். பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்யாதீர்கள், பணம் கட்டும் பொத்தானை இரண்டாம் முறை அழுத்தாதீர்கள். தளத்திலேயே பழைய பரிவர்த்தனைகள் பகுதியில் ரசீதைத் தேடுங்கள். அடுத்த முறை கட்டணத்துக்கு முன்பே சைட் செட்டிங்ஸில் பாப்-அப்ஸ் அண்ட் ரீடைரக்ட்ஸ் போய் அந்த முகவரியைச் சேர்த்துவிடலாம்.

கே: பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் போனபிறகும் அவர் கணக்கு திறந்தே இருக்கிறது. இன்காக்னிடோ போதுமா? (திருநெல்வேலி வாசகர்)

ப: போதாது. ஹிஸ்டரியைச் சேமிக்காத இன்காக்னிடோ விண்டோ, குரோமில் உங்கள் பெயரில் இருக்கும் ப்ரொஃபைலுக்கு உள்ளிருந்தே திறக்கிறது. நீங்கள் சேமித்த புக்மார்க்கும் பாஸ்வேர்டும் வாடிக்கையாளர் கைக்கு எட்டும். வலது மேலே உங்கள் படத்தைத் தொட்டு கெஸ்ட் ப்ரொஃபைலைத் திறந்து கொடுங்கள். அதில் உங்களுடையது எதுவும் தெரியாது. எல்லா கெஸ்ட் விண்டோக்களையும் மூடியதும் அவருடைய லாகினும் போய்விடும். ஒரு விண்டோ ஒளிந்து நின்றாலும் போகாது. டாஸ்க்பாரைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

இரண்டு முறையிலுமே இறக்கிய கோப்புகள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். அடுத்து வருபவர் ஃபோல்டரைத் திறந்தால் முந்தையவரின் ஆதார் நகல், மதிப்பெண் பட்டியல், வங்கி அறிக்கை எல்லாம் கண் முன்னே. பிரிண்ட் எடுத்துக் கொடுத்த கையோடு அந்தக் கோப்பைத் தேர்ந்து ஷிஃப்டும் டெலீட்டும் சேர்த்து அழுத்துங்கள். ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நீங்கும். இதை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் செய்யுங்கள்.

கே: பெரிய போனில் முகவரிப் பட்டைக்கு விரல் எட்டவில்லை. (சேலம் வாசகி)

ப: ஆண்ட்ராய்டு குரோமைப் புதுப்பித்துவிட்டு, முகவரிப் பட்டையை அழுத்திப் பிடியுங்கள். கீழே நகர்த்தும் தேர்வு வரும்.

கே: அடிக்கடி தமிழ் விக்சனரியில் சொல் தேடுகிறேன். ஒவ்வொரு முறையும் தளத்தைத் திறக்காமல் நேரே தேட முடியுமா? (சென்னை வாசகர்)

ப: முடியும், பலருக்கும் தெரியாத அருமையான வசதி இது. விக்சனரியின் தேடல் பெட்டியில் வேண்டுமென்றே இல்லாத ஒரு சொல்லைத் தேடுங்கள். இருக்கும் சொல் என்றால் நேரே அதன் பக்கத்துக்குத் தாவிவிடும். நமக்கு வேண்டியது தேடல் முடிவுப் பக்கம். அதன் முகவரியை நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சர்ச் இன்ஜின் பகுதியில் மேனேஜ் சர்ச் இன்ஜின்ஸ் அண்ட் சைட் சர்ச், அங்கே சைட் சர்ச்சுக்கு எதிரே ஆட். பெயர் விக்சனரி, ஷார்ட்கட் ஏதாவது ஓர் எழுத்து, மூன்றாவது கட்டத்தில் நகலெடுத்த முகவரி.

நீங்கள் தேடிய சொல் அந்த முகவரியில் தமிழாக இருக்காது. ஒரே ஓர் 'அ' கூட மூன்று சதவீதக் குறிகள் உட்பட ஒன்பது எழுத்துகளாக நீண்டிருக்கும். சர்ச் என்ற சொல்லுக்கும் சமக்குறிக்கும் அடுத்து தொடங்கி, அடுத்த 'அண்ட்' குறி வரைக்கும் உள்ள வாலை மட்டும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சதவீதக் குறியும் அதை ஒட்டிச் சிறிய ஆங்கில 'எஸ்'ஸும் போடுங்கள். நடுவில் இடைவெளி விட்டால் தேடல் வேலை செய்யாது. இனி முகவரிப் பட்டையில் ஷார்ட்கட் எழுத்து, டேப் விசை, தமிழ்ச் சொல், என்டர்.