ஒரு கோப்பையும் வெல்லாத ஆசான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகனின் கராத்தே பள்ளியில் கிமோனோ அணிந்த ஒரு முதியவரின் படத்தை வணங்கிவிட்டுத்தான் வகுப்பைத் தொடங்குகிறார்கள். கீழே கிச்சின் ஃபுனாகோஷி என்று எழுதியிருக்கிறது. "இவர் எத்தனை போட்டியில் ஜெயித்தார்?" என்று மகன் கேட்கிறான். என்ன சொல்வது?

ஒரு தந்தை, கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

ஒன்றில்கூட இல்லை என்று தயங்காமல் சொல்லுங்கள். கராத்தேயில் போட்டி வைப்பதையே அவர் விரும்பவில்லை.

இன்று ஜப்பானைச் சேர்ந்த ஒகினாவா தீவின் ஷூரியில் 1868இல் பிறந்த நோஞ்சான் பிள்ளை அவர். வளர்ந்து பள்ளி ஆசிரியரானார். இரவானால் அசாதோ என்ற ஆசானின் வீட்டு முற்றத்தில் பயிற்சி. ஒரே கட்டாவை, அதாவது தடுப்பும் அடியும் வரிசையாகக் கோத்த பயிற்சித் தொடரை, மாதக்கணக்கில் செய்யவைப்பார் அசாதோ. மனம் நிறையாமல் அடுத்ததற்குப் போக விடமாட்டார். பெல்ட் மாறும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்ல வேண்டும்.

1922இல், 53 வயதில், கராத்தேயைச் செய்துகாட்ட டோக்கியோ போனார். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ தன் பயிற்சிப் பள்ளியான கோடோகானுக்கே அவரை அழைத்தார். ஊர் திரும்ப வேண்டியவர் அங்கேயே தங்கிவிட்டார். கையில் காசில்லை. ஒகினாவா மாணவர் விடுதி ஒன்றில் காவல் பார்த்து, அறைகளைப் பெருக்கி, அங்கேயே கற்றுக்கொடுத்தார். ஒருநாள் அவர் தோட்டம் பெருக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பத்திரிகையாளர் வந்து, கராத்தே ஆசிரியர் எங்கே என்று அவரிடமே கேட்டார். சற்றுப் பொறுங்கள் என்று மாடிக்குப் போனவர், நல்ல கிமோனோவுக்கு மாறி இறங்கி வந்து, நான்தான் ஃபுனாகோஷி என்று வணங்கினார். அவரைப் பற்றி நான் படித்தவற்றில் மனதை விட்டு அகலாத காட்சி இது.

பிற்பாடு மாணவர்கள் அவருக்கென்று ஒரு பயிற்சிக்கூடம் கட்டி, அவருடைய புனைபெயரால் ஷோட்டோகான் என்று அழைத்தார்கள். 'ஷோட்டோ' என்றால் பைன் மரங்களில் காற்று எழுப்பும் அலையோசை. 1945 குண்டுவீச்சில் அந்தக் கூடம் அழிந்தது. பெயர் மட்டும் உலகமெங்கும் பரவியது.

1957 ஏப்ரலில் அவர் மறைந்தார். அதே ஆண்டு ஜப்பான் கராத்தே சங்கம் தன் முதல் தேசியப் போட்டியை நடத்தியது. எனக்கு இது வருத்தம்தான். காமகுராவின் எங்காகுஜி கோயிலில் உள்ள அவருடைய நினைவுக்கல்லில், கராத்தேயில் முதல் அடி நம்முடையதல்ல என்ற அவரது கொள்கை பொறிக்கப்பட்டிருக்கிறது.

தொடக்கநிலை மாணவர்கள் கற்கும் ஹெயான் கட்டாக்கள் ஐந்துக்கும் அந்தப் பெயரைச் சூட்டியவர் அவர்தான். மகனுக்குத் தெரிந்தவற்றை உங்களுக்குச் செய்துகாட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் ஒரு தடுப்பில் தொடங்கும்.