பழைய ரயில் என்ஜின்களைப் பார்க்கச் செல்வோரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ரயில் அருங்காட்சியகத்துக்கு முதன்முறையாகச் செல்கிறேன். நீராவி என்ஜினில் எதை முதலில் பார்ப்பது?

பதில்: வண்ணப்பூச்சையும் பெயர்ப்பலகையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் குனிந்து, சக்கரங்களை இணைக்கும் தண்டுகளைக் கவனியுங்கள். பல என்ஜின்களில் அவற்றின் மேல் எண் குத்தப்பட்டிருக்கும். பணிமனைகளில் ஓர் என்ஜினின் உறுப்பைக் கழற்றி மற்றொன்றில் மாட்டுவது வழக்கம் என்பதால், பழைய எண்ணை அடித்துவிட்டு அருகில் புது எண் குத்தியிருப்பதையும் சில இடங்களில் காணலாம். பூச்சு தடித்து அந்த எண்கள் மறைந்துவிட்ட என்ஜினைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

கேள்வி: ஐயா, இங்கிலாந்தின் ஸ்டீபன்சன்கள் செய்த 'ராக்கெட்' நீராவி என்ஜின் படத்தில் ஒரு மாதிரியாகவும் நேரில் வேறு மாதிரியாகவும் இருக்கிறதே, அது அசல்தானா?

பதில்: அசல்தான். 1829 அக்டோபரில் இங்கிலாந்தின் ரெயின்ஹில்லில் நடந்த என்ஜின் போட்டியில் வென்றபோது அதன் சிலிண்டர்கள் (நீராவி பிஸ்டனைத் தள்ளும் உருளைகள்) மிகவும் சாய்வாக இருந்தன. ஓட்டம் சீராக இருக்கவேண்டி, பின்னர் அவற்றை ஏறக்குறையக் கிடைமட்டமாக இறக்கிவிட்டார்கள். நீங்கள் கண்டது உழைத்து, மாற்றப்பட்டு, பல உறுப்புகளை இழந்த என்ஜின். போட்டி நாளின் தோற்றத்தைக் காட்டுபவை பின்னாளில் செய்யப்பட்ட மாதிரிகளே.

கேள்வி: பழைய என்ஜின்களை ஓட்டுவது நல்லதா, நிறுத்தி வைப்பது நல்லதா?

பதில்: என்ஜினைப் பொறுத்தது. அசல் உலோகம் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும் என்ஜினை ஓட்டக்கூடாது என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் ஓட்டம் என்றாலே தேய்மானம், தேய்ந்ததை மாற்றும்போது சான்றும் போய்விடும். 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் வேகத்தைத் தொட்ட 'மல்லார்ட்' என்ஜின் இங்கிலாந்தின் யார்க் ரயில் அருங்காட்சியகத்தில் அசையாமல் நிற்பது சரியே. 1923இல் கட்டப்பட்ட 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்' பணிக்காலத்திலேயே பலமுறை கொதிகலன் மாற்றப்பட்டது. அது ஓடுவதில் எனக்குத் தடையில்லை. ஓடும் என்ஜினைப் பார்ப்பதானால், புறப்படும் நேரத்துக்கு வெகு முன்பே போய்விடுங்கள். குளிர்ந்த கொதிகலனை அவசரமாகச் சூடாக்கினால் நெருப்பறைத் தகடுகளும் வெளிக்கூடும் சமமாக விரியாமல் இணைப்புகள் கசியும் என்பதால், பல மணி நேரம் மெல்ல மெல்லத் தீ வளர்ப்பார்கள். அந்த நேரத்தில் ஓட்டுநர் எண்ணெய்க் குடுவையுடன் ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்த்து எண்ணெய் விடுவதைக் காணலாம்.

கேள்வி: நீலகிரி மலை ரயிலில் கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, இரு தண்டவாளங்களின் நடுவில் ஓடும் பற்சட்டங்களைப் பாருங்கள். ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றத்தில் சக்கரப் பிடிப்பு மட்டும் போதாது. அங்கு ஓடும் எக்ஸ் வகை என்ஜின்களில், சாதாரண சக்கரங்களை இயக்கிய நீராவியே அடுத்த இரு சிலிண்டர்களுக்குள் சென்று, அந்தப் பற்சட்டங்களில் பதியும் பற்சக்கரங்களையும் சுழற்றுகிறது.

கேள்வி: தொண்டர்கள் முதலில் காப்பாற்றிய ரயில்பாதை எது?

பதில்: வேல்ஸில் உள்ள டாலிலின். 1951 முதல் பெரும்பாலும் தொண்டர்களே அதை நடத்துகிறார்கள்.